விண்டோஸ் லாகினை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து லோக்கல் கணக்குக்கு மாற்றுவது எப்படி

சென்னையில் புது லேப்டாப் வாங்கினால் பல வீடுகளில் நடப்பது இதுதான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, கவுன்டரிலேயே ஆன் செய்து, "சார், மெயில் ஐடி சொல்லுங்க" என்பார். அந்த நேரம் பார்த்து நமக்குப் பாஸ்வேர்டு ஞாபகம் வராது, பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள், சரி என்று அவரே புதிதாக ஒரு ஐடியை (அதுதான் மைக்ரோசாஃப்ட் கணக்கு) உருவாக்கி, நாலு இலக்க பின் ஒன்றைப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஐடியின் பாஸ்வேர்டு என்ன, அதற்கு எந்த மொபைல் எண் கொடுத்திருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இன்னும் சில வீடுகளில் மகனோ மகளோ ஊருக்கு வந்தபோது தங்கள் ஐடியிலேயே செட்டப் செய்துவிட்டு சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ போயிருப்பார்கள். இங்கே மடிப்பாக்கத்தில் அப்பா பின்னை மறந்தால் அங்கே போகும் ஓடிபிக்காகக் காத்திருக்க வேண்டும், அதுவும் அவர்கள் மீட்டிங்கில் இருந்தால் முடிந்தது கதை.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைத் திறக்கும் உரிமை வீட்டில் இருப்பவர்களிடம் இருக்க வேண்டும். அதற்கு வழி லோக்கல் கணக்கு. பெயரும் பாஸ்வேர்டும் அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும். மெயில் ஐடி, மொபைல் எண், ஓடிபி எதுவும் வேண்டாம். விண்டோஸ் 7 காலம் வரை எல்லோரும் இப்படித்தான் லாகின் செய்துகொண்டிருந்தோம். 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் மைக்ரோசாஃப்ட் கணக்கால் லாகின் செய்யும் வழக்கம் ஆரம்பித்தது. 2021-ல் வந்த விண்டோஸ் 11-ன் ஹோம் பதிப்பில் முதல் செட்டப்புக்கு அது கட்டாயம் என்றே ஆனது.

மாற்றுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஃபைல்கள் அழியாது, போட்டிருக்கும் புரோகிராம்கள் போகாது, விண்டோஸ் ஆக்டிவேஷனும் போகாது, ஏனென்றால் அந்த லைசென்ஸ் உங்கள் மெஷினின் ஹார்டுவேரோடு சேர்த்துப் பதிவாகியிருக்கிறது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் இருக்கின்றன. பல வழிகாட்டிகள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிவிடுகின்றன, பிற்பாடு ஆட்கள் தலையில் கைவைத்து உட்காருவது அதனால்தான். அதனால் இங்கே அந்த இரண்டையும்தான் நிறைய எழுதப்போகிறேன்.

அதற்கு முன், யார் மாற்ற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓஎம்ஆர் கம்பெனி கொடுத்த ஆபீஸ் லேப்டாப் என்றால் கை வைக்காதீர்கள். அதில் இருப்பது வேறு வகைக் கணக்கு, கம்பெனியின் கம்ப்யூட்டர் டீம்தான் அதைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று மைக்ரோசாஃப்டின் ஃபேமிலி சேஃப்டி வைத்துக் கட்டுப்படுத்துகிறீர்கள் என்றால் குழந்தையின் கணக்கை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னும் விண்டோஸ் 10-லேயே இருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நின்றுவிட்டது, அதற்குப் பிறகும் அப்டேட் வாங்குவதற்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். அதில் சேர்ந்திருப்பவர்கள் அந்த மெஷினை மாற்றும்வரை கணக்கை விட்டு வைப்பதே நல்லது என்று நினைக்கிறேன்.

முதலில் ரெக்கவரி கீ

இப்போது வரும் லேப்டாப்கள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பதிப்பில் இதற்கு டிவைஸ் என்கிரிப்ஷன் என்று பெயர், புரோவில் பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்கால் முதல் முறை உள்ளே போகும்போதே இது சத்தமில்லாமல் ஆன் ஆகி, பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெக்கவரி கீ அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் லேப்டாப்பைத் திறக்கும்போது அது கேட்காது, அதனால் அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. லோக்கல் கணக்குக்கு மாறிய பிறகும் இந்தப் பூட்டு அப்படியேதான் இருக்கும்.

எப்போது கேட்கும்? பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் ஆனபோது கேட்கலாம். மதர்போர்டு மாற்றினால் கண்டிப்பாகக் கேட்கும். மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தோ, டீ கொட்டியோ போர்டு போய், சர்வீஸ் கடையில் புது போர்டு போட்டு ஆன் செய்தால் நீலத் திரையில் ரெக்கவரி கீயைக் கொடு என்று நிற்கும். கடைக்காரர் உங்களைப் பார்ப்பார், நீங்கள் அவரைப் பார்ப்பீர்கள். அந்த 48 இலக்கம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கல்யாண ஆல்பமும் பத்திர ஸ்கேனும் போனது போனதுதான், மைக்ரோசாஃப்டாலேயே திறந்து தர முடியாது.

அதனால் முதல் வேலை இதைப் பார்ப்பது. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸ், அதில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் டிவைஸ் என்கிரிப்ஷன். விண்டோஸ் 10 என்றால் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் இருக்கும். அந்த வரியே இல்லையென்றால் ஸ்டார்ட் மெனுவில் பிட்லாக்கர் என்று ஆங்கிலத்தில் தேடி ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டிலுமே எதுவும் ஆன் ஆகவில்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஆன் ஆகியிருந்தால், கணக்கு உங்களுடையது, பாஸ்வேர்டும் தெரியும் என்றால், மொபைலிலேயே பிரவுசரைத் திறந்து மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் லாகின் செய்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் லேப்டாப் பெயரைத் தொட்டால் பிட்லாக்கர் ரெக்கவரி கீ கிடைக்கும். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி இருக்கும். பக்கத்திலேயே கீ ஐடி என்று ஒன்று இருக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் நீலத் திரையில் அந்த ஐடியைக் காட்டித்தான் எந்தக் கீ வேண்டும் என்று கேட்கும். வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

இதைப் பிரிண்ட் எடுக்க தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அந்தக் கடைக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் யாருடைய ஆதாரோ, யாருடைய ஹால் டிக்கெட்டோ, அதோடு உங்கள் கீயும் கிடக்கும். 48 இலக்கம்தானே, ஒரு நோட்டில் நிதானமாகக் கையால் எழுதி, இன்னொருவரை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்து, ரேஷன் கார்டு, பத்திரம் வைக்கும் ஃபைலில் போட்டுவிடுங்கள். லேப்டாப் பையில் மட்டும் வைக்க வேண்டாம். திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

கணக்கு கடைக்காரர் உருவாக்கியது, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, பின் மட்டும்தான் தெரியும் என்றால்? அப்போதும் வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் டிவைஸ் என்கிரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் பகுதியில் பேக் அப் யுவர் ரெக்கவரி கீ என்று ஒன்று இருக்கும். அதில் ஃபைலாகச் சேமிக்கலாம். பூட்டிய டிஸ்க்கிலேயே சேமிக்க விடாது, ஒரு பென் டிரைவ் செருகிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கீயின் ஒரு காப்பி முன்பின் தெரியாத ஒருவரின் கணக்கிலும் இருக்கும். அது எனக்குப் பிடிக்காது. அப்படிப்பட்ட நிலையில் டிவைஸ் என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிடுங்கள் என்பேன். பூட்டு முழுதாகக் கழலக் கொஞ்ச நேரம் பிடிக்கும், சார்ஜரைப் போட்டுவிட்டு விடுங்கள். பூட்டில்லாத லேப்டாப் தொலைந்தால் எடுத்தவர் டிஸ்க்கைக் கழற்றி ஃபைல்களைப் படித்துவிட முடியும், அது உண்மைதான். அடிக்கடி பஸ்ஸிலும் மெட்ரோவிலும் லேப்டாப் கொண்டு போகிறவர்கள் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டும். மேஜையை விட்டு நகராத வீட்டு மெஷினுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்தது ஒன்டிரைவ்

டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைல் லேப்டாப்பில்தான் இருக்கிறது என்று எல்லோரும் நம்புகிறோம். மைக்ரோசாஃப்ட் கணக்கால் செட்டப் செய்த பல மெஷின்களில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் ஃபோல்டருக்குள் போயிருக்கும். அங்கே இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபிதான், நாலு விசேஷ வீடியோவுக்கே நிறைந்துவிடும், அப்புறம் இடம் வாங்கு, இடம் வாங்கு என்று ஓயாமல் கேட்கும். அதைவிட முக்கியமான விஷயம், சில ஃபைல்கள் பெயரளவுக்கு மட்டும் இங்கே இருக்கும், உள்ளடக்கம் இணையத்தில் இருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் கரன்டும் இல்லை, மொபைல் சிக்னலும் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் இன்ஷூரன்ஸ் பேப்பரைத் திறக்கப் பார்த்தால் மேகப் படம்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன அடையாளத்தைப் பாருங்கள். நீலக் கோட்டு மேகம் என்றால் அது இணையத்தில் மட்டும் இருக்கிறது. பச்சை டிக் என்றால் இங்கேயும் இருக்கிறது. மேகம் தெரிகிற ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் என்பதைக் கொடுங்கள். எல்லாம் இறங்கி முடிந்து, பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் வரும்வரை பொறுங்கள். வைஃபை மெதுவாக இருந்தால் ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள், இதில் அவசரமே கூடாது.

இறங்கியதும் டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள மேக ஐகானைத் தட்டி, செட்டிங்ஸ், சிங்க் அண்ட் பேக்அப், மேனேஜ் பேக்அப் என்று போய் மூன்று ஃபோல்டர்களையும் ஆஃப் செய்யுங்கள். இங்கேதான் பலருக்கு நெஞ்சு பக்கென்றாகும், ஏனென்றால் டெஸ்க்டாப் திடீரென்று காலியாகிவிடலாம். ஃபைல்கள் எங்கும் போகவில்லை. ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். அங்கிருந்து கட் செய்யாமல் காப்பி செய்து, சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் உண்மையான டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் ஒட்டுங்கள். திறந்து பார்த்து எல்லாம் வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு அதே ஒன்டிரைவ் செட்டிங்ஸில் அக்கவுண்ட் பகுதிக்குப் போய் அன்லிங்க் திஸ் பிசி கொடுக்கலாம். ஒன்டிரைவ் பிடிக்கும், வைத்துக்கொள்கிறேன் என்றால் அன்லிங்க் செய்யவே வேண்டாம், லோக்கல் கணக்கோடும் அது ஓடும். ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இருந்தால் இந்தச் சாக்கில் எல்லாவற்றையும் ஒருமுறை அதிலும் காப்பி எடுத்து வைத்துவிடுங்கள்.

இப்போது மாற்றலாம்

திறந்திருக்கும் வேலைகளையெல்லாம் சேவ் செய்து மூடுங்கள். விண்டோஸ் கீயையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் வரும். அக்கவுண்ட்ஸ், அதில் யுவர் இன்ஃபோ. கொஞ்சம் கீழே சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுண்ட் இன்ஸ்டெட் என்று நீல எழுத்தில் இருக்கும், அதைத் தட்டுங்கள். நிச்சயமாகவா என்று கேட்டு, ரெக்கவரி கீயைப் பற்றியும் நினைவூட்டலாம். நாம்தான் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டோமே, நெக்ஸ்ட் கொடுங்கள். பின் அல்லது பாஸ்வேர்டு கேட்கும், போடுங்கள்.

அடுத்த திரையில் பெயர், புதுப் பாஸ்வேர்டு, மறுபடி பாஸ்வேர்டு, ஹின்ட் என்று நாலு கட்டம். பெயரை ஆங்கிலத்திலேயே வையுங்கள். பாஸ்வேர்டு அடிக்கும்போது தமிழ்க் கீபோர்டு ஆனில் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். தமிழ்99 போட்டிருப்பவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் பாஸ்வேர்டு கட்டத்தில் புள்ளி மட்டும்தானே தெரியும், என்ன விழுகிறது என்று தெரியாது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். அப்புறம் லாகின் திரையிலும் கீழே வலது மூலையில் எந்த மொழி என்று காட்டும், பாஸ்வேர்டு தப்பு என்று சொன்னால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்வேர்டைக் காலியாக விடவும் செய்யலாம், அப்படியும் விண்டோஸ் ஒத்துக்கொள்ளும். வீட்டில் வயதானவர்கள் மட்டும் என்றால் அது வசதியாகத் தோன்றும், ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை வைத்து இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து ஷேர் ஃபோல்டரையும் திறக்க முடியாது, ரிமோட் டெஸ்க்டாப்பிலும் வர முடியாது. நீளமான ஒரு பாஸ்வேர்டு வைத்துவிட்டு, தினசரி லாகினுக்குப் பின்னையோ கைரேகையையோ பயன்படுத்துங்கள், லோக்கல் கணக்கிலும் அவை வேலை செய்யும்.

நெக்ஸ்ட் கொடுத்தால் சைன் அவுட் அண்ட் ஃபினிஷ் வரும். தட்டுங்கள், வெளியே போய்ப் புதுப் பாஸ்வேர்டோடு உள்ளே வாருங்கள். வேலை முடிந்தது. யூசர்ஸுக்குள் இருக்கும் ஃபோல்டருக்குப் பழைய மெயில் ஐடியின் முதல் ஐந்து எழுத்துதான் இன்னும் பெயராக இருக்கும். அது கண்ணை உறுத்தினாலும் பெயரை மாற்ற முயற்சி செய்யாதீர்கள், புரோகிராம்கள் அந்த வழியைத்தான் நம்பியிருக்கின்றன.

உள்ளே வந்ததும்

பாஸ்வேர்டு மறந்தால் இனி ஓடிபி வராது. அதற்கு மாற்று ஏற்பாட்டை அன்றைக்கே செய்துவிட வேண்டும், நாளைக்கு என்று தள்ளினால் மறந்துவிடும். அக்கவுண்ட்ஸில் சைன் இன் ஆப்ஷன்ஸ், பாஸ்வேர்டு என்று போனால் செக்யூரிட்டி கேள்விகள் மூன்றைப் பதிந்து வைக்கலாம். தப்புப் பாஸ்வேர்டு போட்டால் லாகின் திரையிலேயே ரீசெட் பாஸ்வேர்டு என்று வந்து அந்தக் கேள்விகளைக் கேட்கும். பிறந்த ஊர் எது என்பதற்கு உண்மையான பதிலைப் போட்டால் வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் தெரியும். வேறு ஏதாவது பதிலை வைத்து, அதையும் ரெக்கவரி கீ எழுதிய நோட்டிலேயே எழுதுங்கள். பழைய பென் டிரைவ் ஒன்று சும்மா கிடந்தால் பாஸ்வேர்டு ரீசெட் டிஸ்க் உருவாக்கியும் வைக்கலாம், ஸ்டார்ட் மெனுவில் அந்தப் பெயரைத் தேடினாலே வரும்.

இன்னொரு விஷயம். ஸ்டோரிலோ, வேர்டு, எக்செல்லிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு லாகின் செய்தால் கடைசியில் ஒரு திரை வரும், இந்தக் கணக்கை டிவைஸ் முழுவதும் பயன்படுத்தவா என்று. யோசிக்காமல் நெக்ஸ்ட் தட்டினால் மறுபடி பழைய இடத்துக்கே போய்விடுவீர்கள். ஸ்டோரில் மைக்ரோசாஃப்ட் ஆப்ஸ் ஒன்லி என்பதையும், ஆபீஸில் சைன் இன் டு திஸ் ஆப் ஒன்லி என்பதையும் தேர்ந்தெடுங்கள். பணம் கட்டி வாங்கிய ஆபீஸ் வழக்கம்போல ஓடும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு செட்டப்பை முடிப்போமா என்று முழுத் திரையில் கேட்டால் அதுவும் இதே கதைதான், ரிமைண்ட் மி கொடுத்துவிட்டு வாருங்கள். அது வரவே கூடாது என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ், கடைசியில் அடிஷனல் செட்டிங்ஸ் என்று போய் டிக்குகளை எடுத்துவிடுங்கள்.

தொலைந்த லேப்டாப்பைத் தேடும் ஃபைண்ட் மை டிவைஸ் இனி வேலை செய்யாது, செட்டிங்ஸ் இன்னொரு கம்ப்யூட்டரோடு சிங்க் ஆகாது. இழப்பு என்று பார்த்தால் வீட்டு மெஷினுக்கு அவ்வளவுதான்.

வீட்டில் மற்றவர்களுக்கும் தனிக் கணக்கு வேண்டுமென்றால் அக்கவுண்ட்ஸில் அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட், அங்கே மெயில் ஐடி கேட்கும் இடத்தில் ஐ டோன்ட் ஹேவ் திஸ் பெர்சன்ஸ் சைன் இன் இன்ஃபர்மேஷன், அடுத்ததில் ஆட் எ யூசர் விதவுட் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட். புதிதாக உருவாக்கும் கணக்கின் பெயரைத் தமிழில் வைக்க ஆசையாக இருக்கும், ஆனால் ஃபோல்டர் பெயரும் தமிழில் உருவாகி, சில பழைய புரோகிராம்கள் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அதனால் முதலில் ஆங்கிலத்தில் உருவாக்கிவிட்டுக் காட்டும் பெயரைப் பிறகு தமிழில் மாற்றிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு ஸ்டாண்டர்ட் யூசர் போதும், அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம்.

இனிமேல்தான் லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையில் செட்டப் செய்ய வேண்டாம், பெட்டியோடு கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஆன் ஆகிறதா, திரையில் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். புரோ பதிப்பு என்றால் செட்டப்பில் வொர்க் ஆர் ஸ்கூல் என்பதைத் தேர்ந்து, சைன் இன் ஆப்ஷன்ஸில் டொமைன் ஜாயின் இன்ஸ்டெட் கொடுத்தால் நேராக லோக்கல் கணக்கே உருவாகும். ஹோம் பதிப்புக்கு யூடியூபில் ஆயிரம் குறுக்குவழி சொல்கிறார்கள், ஆனால் மைக்ரோசாஃப்ட் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வருகிறது. 2025 மார்ச்சில் வந்த சோதனைப் பதிப்பிலேயே அதில் பிரபலமான ஒன்றை எடுத்துவிட்டார்கள். உங்கள் சொந்த ஐடியிலேயே, உங்கள் மொபைல் எண்ணோடு, வீட்டில் உட்கார்ந்து செட்டப்பை முடித்துவிட்டு, ரெக்கவரி கீயை எழுதிக்கொண்டு மேலே சொன்னபடி மாற்றுவதுதான் ஹோமுக்குச் சிக்கலில்லாத வழி.

திரும்ப மைக்ரோசாஃப்ட் கணக்குக்கே போக வேண்டும் என்றால் அதே யுவர் இன்ஃபோ பக்கத்தில் சைன் இன் வித் எ மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் இன்ஸ்டெட் என்று இருக்கும். அப்போதும் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகாது, ஒன்டிரைவ் பேக்அப் மறுபடி ஆன் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.